முடியாது என்று சொல்லிக் கொடுத்தவர்

நேர்காணல் அறைக்குள் போன பூஞ்சை அக்கா, நான் ஃப்ளாஸ்கைத் திறந்து டீ ஊற்றி முடிப்பதற்குள் வெளியே வந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் என்றால் ஆளை உட்கார வைத்து வறுத்தெடுப்பார்கள் என்பது ஊரறிந்த விஷயம். இவரோ போன வேகத்தில் திரும்பி, வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். டீயை நீட்டினேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர வாங்கவில்லை.

"என்னக்கா, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. கொஞ்ச நேரம் குடுங்கன்னு கேட்டுட்டு வந்தேன்." தொண்டையைச் செருமினார். "உள்ள ஒரு பொம்பளை கூட இல்லடி. ஏன்னு கேட்டேன். பதில் சொன்னாங்க."

"என்னன்னு?"

"நீங்கதான் காரணம்னு. யோசிச்சுப் பாத்தா நெசந்தான்."

அடுத்து அவர் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது இன்னும் அடங்கவில்லை. ஏன் என்று உங்களுக்கும் விளங்க வேண்டுமானால், பூஞ்சை அக்கா யார், தராசு ரூம் என்றால் என்ன என்று முதலில் சொல்லியாக வேண்டும். எனக்கு நிதானமாகச் சொல்ல வராது. என் பட்டப்பெயரே அமிலம். வேதியியல் விரிவுரையாளர் என்பதால் வைத்த பெயர் என்று நான் சொல்லிக்கொள்வேன். வாய்க்காக வைத்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள்.

பூஞ்சை அக்கா நுண்ணுயிரியல் துறையில் இணைப் பேராசிரியர். மூட்டை கட்டி அடுக்கி வைத்த தானியத்தில் என்னென்ன பூஞ்சை பிடிக்கிறது, அதில் எது விஷம் கக்குகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. கிடங்கு கிடங்காக, மாவு மில் மில்லாக அலைந்து, மூட்டைக்கு அடியில் குனிந்து, கெட்டுப்போன தானியத்தைச் சுரண்டிக்கொண்டு வருவார். அதிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சை ஒவ்வொன்றையும் சின்னக் குழாயில் அடைத்து உறைநிலையில் வைப்பார். வைத்தால் மட்டும் போதாது. முறை வைத்து ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, பூஞ்சைக்குத் தீனியாகும் அகார் கூழைப் புதிதாக ஊற்றிய தட்டில் தடவி, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விட்டால் செத்துவிடும். "இதுங்கள எழுப்பற மாதிரி என் மகளக் காலைல எழுப்பியிருந்தா அவ இந்நேரம் கலெக்டர் ஆயிருப்பா," என்பார்.

அந்தச் சேமிப்பு அறை அவர் கட்டி எழுப்பியது. ஆனால் அவர் பொறுப்பில் இல்லை. பேராசிரியர் ஒருவர்தான் அதற்குப் பொறுப்பாளராக இருக்கலாம் என்பது விதி. காகிதத்தில் பொறுப்பு துறைத் தலைவரிடம். அவர் நல்ல மனிதர், எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். அவர் இந்தப் பருவ முடிவில் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு துறையில் மிச்சமிருக்கும் ஒரே பேராசிரியர் மெஷின் சார். அந்த அறையை அளந்து பார்த்துவிட்டே போய்விட்டார் அந்த ஆள். புதிதாக வரப்போகும் தன் கருவிக்கு இடம் வேண்டுமாம். "இந்த அழுகலையெல்லாம் ஒரு ஃப்ரிட்ஜுல அடக்கிடலாமே மேடம்," என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். எனக்கு வந்த கோபத்துக்கு, கையில் கண்ணாடிப் பிப்பெட் வேறு இருந்தது, நல்லவேளை அவர் எதிரில் இல்லை.

ஆக, தலைவர் ஓய்வு பெறுவதற்குள் அக்கா பேராசிரியர் ஆக வேண்டும். ஆகாவிட்டால் அத்தனை வருஷத்துப் பூஞ்சையும் போச்சு. விஷயம் அவ்வளவுதான்.

அக்கா வீட்டிலும் இதே பேச்சுத்தான். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "எங்க வேலைல மேல போறது ஒரு பிரச்சனையே இல்லம்மா, பொத்தானை அமுக்கினாப் போதும். உங்க ஆபீஸ்லதான் பொத்தானையே காணோம்," என்று கேலி செய்வார். மாமனார் கேலி செய்ய மாட்டார். மருமகள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "ஆயிடுச்சாமா?" என்று மட்டும் கேட்பார். "இன்னும் இல்ல மாமா," என்பார் அக்கா. வருஷக்கணக்காக இதே கேள்வி, இதே பதில்.

இப்போது தராசு ரூம். வேதியியல் கட்டடத்தின் கோடியில் ஒரு அறை. பழைய காலத்துத் துல்லியத் தராசுகளை அங்கே கல் மேடையில் வைத்திருந்தார்களாம். முள் ஆடிவிடும் என்று மின்விசிறி மாட்டவில்லை. தராசுகள் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலம் ஆகிறது, மின்விசிறி மட்டும் இன்னும் வரவில்லை. அந்தப் புழுக்கத்தில்தான் புதன்கிழமை மதியம், அறிவியல் துறைகளில் இருக்கும் பெண்கள் நாங்கள் சாப்பாட்டு டப்பாவோடு கூடுவோம். பல்கலைக்கழகச் சுற்றறிக்கையில் இதற்கு 'சக வழிகாட்டல் வலையம்' என்று வாயில் நுழையாத பெயர். எங்களுக்கு அது தராசு ரூம்.

அங்கே யாரும் யாருக்கும் புத்தி சொல்லக் கூடாது. சிக்கலில் இருப்பவர் நடுவில் முக்காலியில் உட்காருவார். அதே சிக்கல் தனக்கு வந்தபோது என்ன செய்தேன் என்று மற்றவர்கள் சொல்லலாம். கட்டுரையில் தன் பெயரைப் பின்னால் தள்ளிய சகாவிடம் எப்படிப் பேசினேன், பிரசவ விடுப்புக்குப் பிறகு ஆய்வகத்தில் இழந்த மேசையை எப்படித் திரும்பப் பிடித்தேன், இப்படி. நான் சேர்ந்த புதிதில் முக்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதிருக்கிறேன். அன்றைக்கு டப்பாவில் இருந்ததை எல்லாரும் எனக்கே போட்டார்கள்.

எல்லாரையும் அரித்த பெரிய சிக்கல் ஒன்று உண்டு. குழு. விருந்தினர் வரவேற்புக் குழு, விடுதி மேற்பார்வைக் குழு, உணவகத்தில் ருசி பார்க்கும் குழு, மேடையில் தட்டு ஏந்த ஒரு குழு. எந்தக் குழுவானாலும் பதிவாளர் அலுவலகத்து அண்ணன் முதலில் போன் போடுவது ஒரு பெண்ணுக்குத்தான். அந்த நேரத்தில் ஆண் சகாக்கள் ஆய்வகத்தில் கட்டுரை எழுதுவார்கள். பிறகு பதவி உயர்வுக்குக் கட்டுரை எங்கே என்று எங்களைக் கேட்பார்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்.

இதற்குப் பூஞ்சை அக்கா ஒரு பயிற்சி கண்டுபிடித்தார். ஸ்டேப்ளரைக் காதில் வைத்துக்கொண்டு அலுவலகத்து அண்ணனாகவே மாறிவிடுவார். "மேடம், உங்கள விட்டா இந்த யூனிவர்சிட்டில வேற யாரு மேடம் இருக்கா," என்று குழைவார். எதிரில் இருப்பவர் "முடியாது" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். காரணம் சொல்லக் கூடாது, சொன்னால் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து மடக்குவார்கள். எதுக்கு என்று கேட்கவும் கூடாது, கேட்டால் பாதி ஒப்புக்கொண்ட மாதிரி. குழு என்ற சொல் காதில் விழுந்ததும் வெட்டிவிட வேண்டும். சிரித்துச் சிரித்துப் புரை ஏறும். ஆனால் பலித்தது. அந்த வருஷம் நாங்கள் பலர் நிம்மதியாக ஆய்வகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தோம்.

தேறாதவர் ஒருவர்தான். தாவரவியல் பேராசிரியர், வேர் மேடம். செடிகளின் வேரைப் பற்றிப் படிப்பவர். யாரிடமும் முகத்தை முறிக்கத் தெரியாத ஆள். எங்கள் வளாகத்துக்கு வந்த விருந்தினருக்கெல்லாம் பூங்கொத்து கொடுத்தே பாதி ஆயுள் போய்விட்டது. பயிற்சியில்கூட ஸ்டேப்ளரைப் பார்த்து "சரிங்க, பாக்கறேங்க" என்று சொல்லிவிடுவார். மொத்த அறிவியல் புலத்திலும் பெண் பேராசிரியர்கள் இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர் புள்ளியியல் துறையின் சராசரி மேடம்.

ஒரு நாள் அகார் ஊற்றிக்கொண்டிருந்த பூஞ்சை அக்காவிடம் ஸ்பிரிட் கடன் வாங்கப் போயிருந்தேன். வேர் மேடமும் அங்கே இருந்தார். அவர் போன் அடித்தது. அலுவலகத்து அண்ணன். "மேடம், ஒரு குழுவுக்கு..." என்று குரல் எங்களுக்கும் கேட்டது. வேர் மேடம் திருதிருவென்று முழித்தார். இரண்டு கையிலும் உறை, கையில் சூடான குடுவை, பூஞ்சை அக்காவால் போனைப் பிடுங்க முடியவில்லை. வாயை மட்டும் அசைத்தார். முடியாது, முடியாது.

"முடியாது," என்றார் வேர் மேடம்.

"மேடம், முழுசாக் கேளுங்க, இது வந்து..."

பூஞ்சை அக்கா தலையைப் பலமாக ஆட்டினார்.

"முடியாதுன்னா முடியாதுங்க," என்று போனை வைத்தார் வேர் மேடம். வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பூஞ்சை அக்கா குடுவையை வைத்துவிட்டு, உறையோடு அவரைக் கட்டிக்கொண்டு, "தேறிட்டீங்கக்கா, தேறிட்டீங்க," என்று ஒரு சுற்று சுற்றினார். அந்தப் புதன்கிழமை தராசு ரூமில் இதே பேச்சு. சராசரி மேடமும் அதே வாரம் ஒரு குழுவை வெட்டிவிட்டதாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் கை தட்டினோம். ஒருத்திக்காவது, என்ன குழு என்று கேட்கத் தோன்றவில்லை.

இனி வராந்தா பெஞ்சுக்கு வருகிறேன்.

அக்கா சொன்னது இதுதான். உள்ளே டீன் விதியைப் படித்துக் காட்டியிருக்கிறார். தேர்வுக் குழுவில் ஒரு பெண் பேராசிரியரை அழைக்க வேண்டும். அழைத்தும் மறுத்துவிட்டால் இல்லாமலே நடத்தலாம். "ரெண்டு பேரையும் கூப்பிட்டோம் மேடம். ரெண்டு பேரும் என்ன ஏதுன்னு கூடக் கேக்கல. முடியாதுன்னு வச்சிட்டாங்க. உங்க ஆளுங்களுக்கே அக்கறை இல்லைன்னா நாங்க என்ன பண்றது?"

அந்த விதி எப்படி வந்தது தெரியுமா? நாங்கள் கேட்டு வந்தது. தராசு ரூமில் உட்கார்ந்து, டீன் அறைக்கு நடையாய் நடந்து, போன வருஷம் நாங்களே கேட்டு வாங்கியது. கடிதம் போட்டு மரியாதையாக அழைப்பார்கள் என்று நினைத்திருந்தோம். பூங்கொத்துக்குக் கூப்பிடும் அதே அண்ணன், அதே போனில், அதே குரலில் கூப்பிடுவார் என்று கனவிலும் நினைக்கவில்லை. அன்றைய அகார் வாசனை என் மூக்குக்குள் வந்துவிட்டுப் போனது.

"நான்டி," என்றார் அக்கா. "நான்தான் வாயசைச்சேன். எனக்கான குழுவுக்கு நானே முடியாதுன்னு வாயசைச்சிருக்கேன்."

"தள்ளி வைக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டேன். டீன் முடியாதுன்னுட்டார். காரணம் சொல்லல." அக்கா என்னைப் பார்த்தார். "உள்ள இருக்கறவங்க எல்லாரும் மெஷின் சாரோட டீ குடிக்கறவங்க. என்ன கேப்பாங்கன்னு தெரியும், என்ன எழுதுவாங்கன்னும் தெரியும்."

நான் வேர் மேடத்துக்குப் போன் போட்டேன். ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் போன் கட்டானது. இணைப்பு போய்விட்டது என்று நினைத்து நான் இன்னொரு தடவை போடுவதற்குள், படியில் காலடிச் சத்தம். அவர் வேலை பார்க்கும் செடிக்கூடம் பக்கத்துக் கட்டடம்தான், ஆனாலும் அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. முழங்கை வரை ஈர மண். புடவை ஓரத்தில் மண். பேயறைந்த மாதிரி ஒரு முகம். பூஞ்சை அக்காவைப் பார்த்தார். நேரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடாமல் நான் காலை வைத்துக்கொண்டேன்.

"நான் வந்துட்டேங்க," என்றார் உள்ளே. "எங்க உக்காரணும்?"

டீன் எழுந்துவிட்டார். "மேடம், நீங்க மறுத்ததாப் பதிவாயிடுச்சு. இனிமே சேர்க்க முடியாது."

"தெரியாமச் சொல்லிட்டேங்க."

"அது எங்க தப்பு இல்லையே. தயவு பண்ணி வெளிய இருங்க."

சுவரோரம் ஒரு காலி நாற்காலி கிடந்தது. வேர் மேடம் அதை மேசைக்கு இழுத்து, உட்கார்ந்து, மண் கையை மேசை மேல் வைத்தார்.

"மேடம், எழுந்திரிங்க."

"முடியாது," என்றார் வேர் மேடம்.

"என்ன மேடம் இது? ஏன் முடியாது?"

அவர் பதில் சொல்லவில்லை. காரணம் சொல்லக் கூடாது என்பது பயிற்சி. டீன் கெஞ்சினார், மிரட்டினார், தண்ணீர் குடித்தார். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். அத்தனை வருஷம் அவர்கள் கையில் பூங்கொத்து எடுத்துக் கொடுத்த மனுஷி. அவரைப் பிடித்து வெளியே தள்ள யாருக்கும் கை வரவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் ஒருவர் கடைசியில் பேனாவை மூடினார். "அவங்க பேரைச் சேத்து ஒழுங்கா இன்னொரு நாள் வைங்க. நான் இப்படிக் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார். பூஞ்சை அக்கா வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் வைத்தார்கள். வேர் மேடம் உறுப்பினராக உட்கார்ந்தார். கேட்டதற்கெல்லாம் பூஞ்சை அக்கா பிட்டுப் பிட்டு வைத்தார். பேராசிரியர் ஆகிவிட்டார். சேமிப்பு அறைக் கதவில் பொறுப்பாளர் என்று அவர் பெயர் ஏறியது. மெஷின் சார் வாழ்த்துச் சொல்லிவிட்டு அளவு டேப்பை வேறு பக்கம் கொண்டுபோனார். அன்று சாயங்காலம் மாமனார், "ஆயிடுச்சாமா?" என்று கேட்க, "ஆயிடுச்சு மாமா," என்றாராம் அக்கா. கிழவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, "என்னது?" என்று மறுபடி கேட்டாராம். வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பருவ முடிவில் துறைத் தலைவரோடு வேர் மேடமும் ஓய்வு பெற்றார். சராசரி மேடத்துக்கு வேறு பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி கிடைத்தது, போய்விட்டார். மொத்த அறிவியல் புலத்திலும் பெண் பேராசிரியர் என்று மிச்சமிருப்பது பூஞ்சை அக்கா மட்டும். எந்தத் துறையில் எந்தத் தேர்வானாலும் அந்த ஒரு நாற்காலிக்கு இவர்தான். விரிவுரையாளர் தேர்வு, பதவி உயர்வு, ஆய்வு உதவியாளர் தேர்வு. மறுத்தால் "கூப்பிட்டோம், வரல" என்று எழுதிவிட்டு நடத்திவிடுவார்கள். மூடிய கதவுக்கு வெளியே ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள்.

இப்போது அக்கா வீடு திரும்ப நேரமாகிறது, மாமனாரின் கேள்வியும் மாறிவிட்டது. "வந்துட்டியாமா?" என்கிறார்.

போன வாரம் சேமிப்பு அறைக்குப் போனேன். அக்கா தட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அகார் வற்றிச் சுருங்கி, விளிம்பை விட்டுப் பிரிந்திருந்தது. முறை தவறிப்போன குழாய்களைத் தாமதமாக எழுப்பியிருக்கிறார். பல தட்டுகளில் ஒன்றுமே முளைக்கவில்லை.

"இது அந்தப் பழைய மில்லுல எடுத்தது," என்று ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினார். "மில்ல இடிச்சுட்டாங்க. இனி கிடைக்காது." மெஷின் சார் கையில் சிக்காமல் காப்பாற்றிய பூஞ்சை இது.

"முக்காலில உக்காருங்கக்கா, புதன்கிழமை," என்றேன். அந்தப் புதன்கிழமை வந்து முக்காலியில் உட்கார்ந்தார். "நான் எப்படிடி முடியாதுன்னு சொல்றது, சொல்லிக் குடுங்க," என்றார். தராசு ரூம் முழுக்க ஆட்கள். ஆளுக்கொரு பதில் வைத்திருக்கும் இடத்தில் ஒருத்தியிடமும் பதில் இல்லை. அங்கே இருந்த அத்தனை பேரும் ஏதோ ஒரு தேர்வுக்குக் காத்திருப்பவர்கள்.

அப்போது அவர் போன் அடித்தது. எங்கள் எல்லாருக்கும் அந்தக் குரல் தெரியும்.

"மேடம், ஒரு குழுவுக்கு..."

"யாருக்கு அண்ணே?" என்று கேட்டார் அக்கா. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் பதவி உயர்வு விண்ணப்பம் போய்ச் சில மாதம் ஆகிறது. அவர் மடியில், கூட்டம் முடிந்ததும் எழுப்ப எடுத்து வந்த குழாய்களின் பெட்டி இருந்தது, பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வேண்டாம் அக்கா, போய் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். எதற்கும் வாய் மூடாத எனக்கு நாக்கு எழவில்லை.

"வர்றேன் அண்ணே," என்றார் அக்கா.